பன்னிருவர் மனச்சாட்சி

வில்லியம் பென் என்றதும் பலர் நினைவில் எழுவது, 1681இல் அவர் அரசரிடம் பெற்ற பென்சில்வேனியா. என் நினைவில் எழுவதோ ஒரு நீதிமன்றம்.

1644இல் இலண்டனில் கடற்படைத் தளபதியொருவரின் மைந்தராகப் பிறந்த பென், இளமையிலேயே குவேக்கர் நெறியைத் தழுவினார். 1670இல் அவர்களது வழிபாட்டு மண்டபத்தைப் படைவீரர் அடைத்துவிடவே, வீதியில் நின்று பிரசங்கித்தார். சட்டவிரோதமாகக் கூட்டங்கூட்டி அமைதியைக் குலைத்தார் என வழக்கெழுந்தது.

வீதியில் பேசினார் என்பதற்கு மேல் எதனையும் யூரர் பன்னிருவரும் அவர்மீது சுமத்த உடன்படவில்லை. சினமுற்ற நீதிபதிகள், உணவும் நீரும் நெருப்புமின்றி இரண்டு இரவுகள் அவர்களை அடைத்துவைத்தனர். ஈற்றில் அவர்கள் கூறிய தீர்ப்பு: பென் குற்றவாளியல்லர். அதற்காக யூரர்களுக்கே அபராதம்! எட்வர்ட் புஷல் முதலிய நால்வர் அதனைச் செலுத்த மறுத்துச் சிறைசென்று வழக்காடினர். தீர்ப்புக்காக யூரரைத் தண்டித்தலாகாது எனத் தலைமை நீதிபதி வோகன் முடிவுசெய்தார்.

1718இல் பென் மறைந்தார். அவரது பெருவாழ்வை எண்ணுந்தோறும், பசித்திருந்தும் மனச்சாட்சியை விலைபேசாத அப்பன்னிருவரையும் நான் வணங்குகின்றேன். அவர்கள் தளர்ந்திருப்பின், யூரர் தீர்ப்பு நீதிபதியின் எதிரொலியாகவே நின்றிருக்கும்.