டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்



புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பேச்சு அடங்கிவிடுகிறது. நோயாளிக்கும் தெரியாமல், அயலாருக்கும் தெரியாமல் மறைக்கிறோம். பெண்ணுக்கு வரும் வரன் தட்டிப்போகுமோ என்று அஞ்சுகிறோம். ஒட்டிக்கொள்ளும் வியாதி என்று எண்ணித் தட்டையும் டம்ளரையும் தனியே ஒதுக்கி வைப்போரும் உண்டு. உயிரோடு இருப்பவரை இறந்தவர் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். இந்த அவநம்பிக்கையை எதிர்த்து முப்பது ஆண்டுகள் ஓயாது உழைத்த ஒரு பெருமாட்டியின் வரலாற்றைக் கேளுங்கள்.

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் தலைவர். தாயார் சந்திரம்மாள். பெண்கள் படிப்பதே அரிதாயிருந்த காலம் அது. ஆண்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் அவரைச் சேர்க்கலாகாது என்று பலர் எதிர்த்தனர். புதுக்கோட்டை மன்னர் அனுமதி அளித்தார். பின்னர் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1927-இல் சென்னைச் சட்டசபையில் அங்கம் பெற்று, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை நிறுவினார்.

இத்தனை புகழ் பெற்ற குடும்பத்திலும் அந்த நோய் நுழைந்தது. அம்மையாரின் இளைய சகோதரிக்குக் குடலின் கடைப்பகுதியில் புற்று உண்டாயிற்று. நோய் இன்னதென்று உரிய காலத்தில் அறியப்படவில்லை. அறிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-இல் அந்த இளம்பெண் இறந்தாள். தமக்கை டாக்டராயிருந்தும் தங்கையைக் காப்பாற்ற இயலவில்லை. இத்துயரம் எப்படிப்பட்டதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மையார் அத்துயரத்தோடு முடங்கிவிடவில்லை. 1925-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றபோது, லண்டனில் புற்றுநோய்க்கென்றே இருந்த மருத்துவமனையைக் கண்டார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இந்நோயைக் குணப்படுத்தலாம் என்ற உறுதியோடு ஊர் திரும்பினார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், நம் நாட்டிலும் அப்படி ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற தம் விருப்பத்தை வெளியிட்டார்.

எளிதில் நிறைவேறவில்லை. புற்றுநோய் வந்தவர் எப்படியும் சாகத்தானே போகிறார், அவருக்கு ஏன் தனி ஆஸ்பத்திரி என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தோரிடமும் இருந்தது. அம்மையார் சளைக்கவில்லை. 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டத் தொடங்கினார். வெளிநாட்டில் இத்துறையில் பயிற்சி பெற்று வந்த தம் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியையும் இப்பணிக்கே ஈடுபடுத்தினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள், சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. தங்கை இறந்து முப்பத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மையாருக்கு வயது அறுபத்தேழு.

மறு ஆண்டில் டாக்டர் சாந்தா என்னும் இளம்பெண் அங்கே பணியில் சேர்ந்தார். 2021-இல் இறக்கும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடாயிற்று. பன்னிரண்டு படுக்கைகள் நூற்றுக்கணக்காகப் பெருகின. ஏழைகள் பலர் இலவசமாகவோ குறைந்த செலவிலோ அங்கே சிகிச்சை பெற்றுவருகின்றனர். அம்மையார் 1968 ஜூலை 22-ஆம் நாள் காலமானார்.

இந்த வரலாறு உங்கள் வீட்டுக்கு என்ன சொல்கிறது?

முதலாவது, காலம் தாழ்த்தாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேலும் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மலத்தில் இரத்தம், மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு, இவற்றை வெட்கத்தால் மறைக்க வேண்டாம். நம் வாழப்பாடிப் பக்கத்தில் பாக்கு பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆயினும் பாக்கு மெல்லுவது வாய்ப்புற்றுக்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகத்தையும் கருப்பை வாயையும் பரிசோதிக்கிறார்கள். மேற்கொண்டு பார்க்க வேண்டுமானால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. செலவுக்கு அஞ்சுவோர் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி அங்கேயே விசாரியுங்கள்.

இரண்டாவது, நோயாளியை ஒதுக்காதீர்கள். புற்றுநோய் தொட்டாலோ, உடன் உண்டாலோ ஒட்டுவதில்லை. பேரப்பிள்ளைகள் அவர் மடியில் உட்காரட்டும். இன்னாருக்கும் இதே வியாதி, ஆறு மாதத்தில் போய்விட்டார் என்று அவர் காதுபடப் பேசாதீர்கள். கறவை மாட்டைக் கவனிப்பதோ, வரவு செலவு எழுதுவதோ, பூக் கட்டுவதோ, இயன்ற வேலையை அவரிடமே விட்டுவையுங்கள். அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். தம் உடம்பைப் பற்றி அறிய அவருக்கே முதல் உரிமை.

மூன்றாவது, நீங்களே நோயாளியாயிருந்தால், பாதியில் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். முடி உதிர்ந்தாலும் பெரும்பாலும் மீண்டும் முளைக்கும். குமட்டலுக்கும் வலிக்கும் மருந்துண்டு. டாக்டரிடம் கூசாமல் சொல்லுங்கள். இன்று பலர் முழுக் குணம் பெறுகிறார்கள். இன்னும் பலர் நோயோடு பல ஆண்டுகள் வேலை செய்து வாழ்கிறார்கள். எல்லாரும் குணமடைவார்கள் என்று சொன்னால் அது பொய்யாகும். குணமாகாதவருக்கும் வலியைத் தணிக்க வழியுண்டு. எஞ்சிய நாட்களை அன்போடும் மன நிறைவோடும் கழிக்க இடமுண்டு.

தம் தங்கையை அம்மையாரால் மீட்க முடியவில்லை. ஆனால் அந்தத் துயரத்திலிருந்து எழுந்த மருத்துவமனை எத்தனையோ வீடுகளுக்குத் தாயையும் பிள்ளையையும் திருப்பித் தந்திருக்கிறது. நம் ஊரில் இந்நோயோடு போராடும் வீடு எதுவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த வாரம் அங்கே ஒருமுறை போய், அவரருகில் உட்கார்ந்து, வழக்கம்போல் பேசிவிட்டு வாருங்கள்.