இந்திரா காந்தி: பக்கத்து நாட்டுத் தேர்தல் தீர்ப்புக்காக நின்றவர், சொந்த நாட்டில் என்ன செய்தார்?

தேர்தலில் ஜெயித்த கட்சிக்கு ஆட்சியைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? 1971-ல் பாகிஸ்தான் இரண்டாக உடைந்தது. அந்தத் தீ எல்லை தாண்டி வந்தபோது இந்தியப் பிரதமராக இருந்தவர் இந்திரா காந்தி.

யார் இவர்?

1917 நவம்பர் 19-ல் அலகாபாத்தில் பிறந்தவர். நேருவின் ஒரே மகள். 1966-ல் பிரதமரானபோது, நம்ம பேச்சைக் கேட்டு நடப்பார் என்று காங்கிரஸ் பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பியது. 1969-ல் கட்சி உடைந்தது. 1971 மார்ச் தேர்தலில் 352 இடங்களுடன் இந்திரா திரும்பி வந்தார்.

பக்கத்து வீட்டில் என்ன பிரச்சினை?

1970 டிசம்பரில் பாகிஸ்தானில் பொதுத்தேர்தல். கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் அள்ளியது. மொத்தமே 300 தொகுதிதான்; அதாவது தனிப்பெரும்பான்மை. ஆனா மேற்கில் அதிக இடம் பிடித்த பூட்டோ இதை ஏற்கவில்லை. ராணுவ ஆட்சியாளர் யாகியா கான் மார்ச் 1-ல் நாடாளுமன்றக் கூட்டத்தைத் தள்ளிவைத்தார். கிழக்கில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் புகுந்தது. முஜிப் கைதானார்.

உயிருக்குப் பயந்து சுமார் ஒரு கோடி பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். திரிபுராவில் உள்ளூர் மக்கள்தொகைக்குக் கிட்டத்தட்ட ஈடாக அகதிகள். முகாம்களில் காலரா. செலவுக்காகக் கடிதங்களில் கூடுதலாக 5 பைசா அகதிகள் நிவாரண ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியிருந்தது.

உடனே ஏன் படை அனுப்பவில்லை?

எதிர்க்கட்சிகள் அவசரப்படுத்தின. இந்திரா பொறுமை காத்தார். மழைக்காலத்தில் வங்க ஆறுகள் பெருக்கெடுக்கும். ராணுவம் தயாராக நேரம் வேணும். குளிர்காலம் வந்தால் இமயக் கணவாய்கள் பனியில் மூடும். சீனா உள்ளே வருவது கஷ்டம். இடையில் வங்க விடுதலைப் படையான முக்தி வாஹினிக்கு இந்தியா பயிற்சி கொடுத்தது. ஆகஸ்ட் 9-ல் சோவியத்துடன் ஒப்பந்தம் போட்டது. பிறகு ஐரோப்பா, அமெரிக்கா சென்று நிலைமையை எடுத்துச் சொன்னார் இந்திரா. சீனாவை நெருங்க யாகியா கானைப் பாலமாகப் பயன்படுத்திய நிக்சன் அசையவில்லை.

டிசம்பர் 3-ல் பாகிஸ்தான் விமானங்கள் இந்தியத் தளங்களைத் தாக்கின. போர் வெடித்தது. 13 நாளில் முடிந்தது. சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள். வங்கதேசம் பிறந்தது. 1972 மார்ச்சில் இந்தியப் படை டாக்காவை விட்டுக் கிளம்பியும் விட்டது.

அப்புறம் என்ன ஆச்சு?

1975 ஜூன் 12-ல் இந்திராவின் சொந்தத் தேர்தல் வெற்றியே செல்லாது என்றது அலகாபாத் உயர் நீதிமன்றம். ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள்; பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த தமிழ்நாட்டின் திமுக அரசு 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டது. அடுத்த நாட்டு மக்களின் ஓட்டுக்கு மதிப்பு கேட்டவர், தன் நாற்காலி ஆடியபோது வேறு ஆளாக மாறினார்.

1977-ல் அவரே தேர்தலை அறிவித்தார். ரேபரேலியில் அவரும் தோற்றார், கட்சியும் தோற்றது. முடிவை ஏற்று பதவி விலகினார். யாகியா கான் ஏற்க மறுத்தது இப்படியொரு முடிவைத்தான்.

1980-ல் அதே மக்கள் ஓட்டுப் போட்டு அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1984 அக்டோபர் 31-ல் டெல்லி வீட்டில் சொந்தப் பாதுகாவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 66.