அடையாறுக்கு வந்த இத்தாலிய டீச்சரம்மா

ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் ஊர்ப் பள்ளிப் பலகைகளில் 'மான்டிசோரி' என்ற சொல் கண்ணில் படும். அது ஏதோ ஆங்கிலப் பாடத்திட்டத்தின் பெயர் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். அது ஓர் அம்மையாரின் பெயர். அவர் நம் சென்னையில் தங்கிப் பாடம் நடத்தியவர். அதுவும் ஆங்கிலத்தில் அல்ல! எல்.கே.ஜி. பிள்ளைகளின் ஆங்கிலத்தை நினைத்துக் கவலைப்படும் வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

மரியா மான்டிசோரி 1870 ஆகஸ்டு 31 அன்று இத்தாலியில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1907 ஜனவரி 6 அன்று, ரோமில் கூலித் தொழிலாளர்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் சிறுவர்களுக்கென்று ஒரு கூடம் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் தெருவில் திரிந்த பிள்ளைகள்தான் அங்கே மாணவர்கள்.

உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். பிள்ளை அதை விரலால் தடவும்; டீச்சர் அந்த எழுத்தின் ஒலியைச் சொல்வார். விஜயதசமியன்று நாமும் அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம், ஆனால் அந்த ஒரு நாளோடு சரி. அங்கே நாலு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே எழுதத் தொடங்கினார்கள்.

எழுத்தின் பெயர் அல்ல, ஒலி என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழில் 'அ' என்பதன் பெயரும் 'அ', ஒலியும் 'அ'. ஆங்கிலத்தில் 'டபிள்யூ' என்ற பெயரில் 'வ' இல்லை. 'எச்' என்பதில் 'ஹ' இல்லை. சி, ஏ, டி என்று ஒப்பிக்கும் பிள்ளை, அது எப்படி 'கேட்' ஆனது என்று கேட்டால் அது நியாயமான கேள்விதானே? பேசாமல் மனப்பாடம் பண்ணு என்கிறோம். இரண்டு முறை அப்படி அதட்டினால் மூன்றாம் முறை பிள்ளை கேட்காது.

1939-ல் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைக்க, தம் 69-ஆம் வயதில் அம்மையார் அடையாறு வந்தார். சுமார் 300 பேர் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொன்னார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறத் தடை. அவருடைய 70-வது பிறந்த நாளுக்கு அரசு கொடுத்த பரிசு, மகனின் விடுதலை. அதுவரை உறவுக்காரப் பையன் என்றே ஊருக்குச் சொல்லப்பட்டு வந்தவர் மரியோ. திருமணமின்றிப் பிறந்த பிள்ளை என்பதால் அந்தத் தாய் எத்தனை வருடம் மறைத்து வாழ வேண்டியிருந்தது!

அடுத்து சில ஆண்டுகள் கோடைக்கானல். பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து செடி, இலை, பூச்சி என்று கண்டதையெல்லாம் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்வியும் அடுத்த பாடமானது. பெரிய பிள்ளைகளுக்கான அவருடைய கல்வி முறை அந்த மலையில் மேலும் வளர்ந்தது.

ஆறு வயதுக்குள் பிள்ளை, இலக்கணம் இல்லாமலே, சுற்றிலும் கேட்கும் மொழியை உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவர் கண்டது. நமக்கு இது புதிதல்ல. ரமணாசிரமம் பக்கம் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் வெளிநாட்டவரிடம் கூசாமல் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு ஸ்பெல்லிங் அப்புறம்தான்.

1946-ல் ஐரோப்பா திரும்பியவர் மறுவருடமே மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பயிற்சி கொடுத்தார். அந்த ஆண்டு அவருடைய 'தி அப்சார்பன்ட் மைண்ட்' நூல் அடையாறு வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 81.