ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களில் கணக்கு எழுதுபவரைக் கிராணி என்று அழைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. கணிதமேதை சீனிவாச ராமானுஜனும் ஒரு கிராணிதான். 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சென்னைத் துறைமுகக் கழகத்தில் சேர்ந்தார். நம் முன்னோரில் பலர் மலாயாவுக்குக் கப்பலேறிய அதே துறைமுகம்.

1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடைக் கணக்குப்பிள்ளை. மகனுக்குக் கணிதம் தவிர வேறு பாடங்களில் மனம் செல்லவில்லை. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வில் தோற்று, பட்டமில்லாமல் வேலைக்கு அலைந்தார். 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதமே அவரை மறு ஆண்டு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றது.

அங்கே அவர் செய்த ஆய்வுகளில் ஒன்று ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். 12-ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்களால் மீதியின்றி வகுக்கலாம். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. 24, 36, 48, 60 ஆகியவையும் இந்த வகைதான். 1915-இல் வெளியான நீண்ட கட்டுரையில் இத்தகைய எண்களை அவர் அட்டவணையிட்டார். கடைசி எண் 6746328388800. இரண்டை ஆறு முறை, மூன்றை நான்கு முறை, ஐந்தையும் ஏழையும் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறை எடுத்துப் பெருக்கினால் வருவது இது. காரணிகள் 10080.

எல்லாம் கைக்கணக்கு. அந்த நீண்ட அட்டவணையில் ஒரே ஓர் எண் விடுபட்டுப்போனது: 293318625600. காரணிகள் 5040. வேடிக்கை என்னவென்றால், இதை 23-ஆல் பெருக்கினால் அவருடைய அந்தக் கடைசி எண்ணே வரும்! கைப்பேசியில் பெருக்கிப் பாருங்கள்.

ஊரில் கைநழுவிய பட்டத்தை இந்த ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் வழங்கியது. 1918-இல் அரச கழக உறுப்பினரானார். நோயோடு தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார். வயது 32.

போர்க்காலப் பணநெருக்கடியால் லண்டன் கணிதக் கழகம் அச்சிடாமல் விட்ட கட்டுரையின் மீதிப் பகுதி 1997-இல்தான் முழுமையாக வெளிவந்தது. அவர் மனைவி ஜானகி அம்மாள் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே மறைந்திருந்தார்.