பழுதுற்ற பொறிகளின் மருத்துவர்

புதியன புனைவோரை உலகம் போற்றும். பிறர் புனைந்தது பழுதுற்றபோது அதனைச் செப்பஞ் செய்வோரை எண்ணிப் பார்ப்பார் சிலரே. பிரான்சு நாட்டு மாயவித்தையரசர் எனப் புகழ்பெற்ற றொபேர் ஊடன், தம் வாழ்க்கையின் ஒரு பகுதியை அத்தகைய திருத்து வேலையிலேயே கழித்தவர்.

அவர் 1805ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் புளுவா நகரிலே ஒரு மணிக்கூட்டு வினைஞரின் மகனாகப் பிறந்தார். மகன் சட்டத்துறையிற் புகவேண்டுமென்பது தந்தையின் விருப்பம். கையெழுத்து அழகாயிருந்தமையால் நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞராயமர்ந்தார். ஆயினும் மனம் ஏட்டிற் பதியவில்லை. பற்சில்லுகளையும் வில்களையுமே நாடியது. ஈற்றில் உறவினர் ஒருவரிடம் குலத்தொழிலையே பயின்றார். மணிக்கூட்டுக்கலை பற்றிய நூலொன்றை வாங்கச் சென்றவரிடம் கடைக்காரர் தவறுதலாக மாயவித்தை விளக்கும் இரு தொகுதிகளைக் கொடுத்துவிட்டாரென்றும், அத்தவறே தம் வாழ்வின் திசையை மாற்றியதென்றும் அவர் தம் நினைவு நூலிற் கூறியுள்ளார்.

1830ஆம் ஆண்டிலே, பாரிசு நகர மணிக்கூட்டு வல்லுநர் ஒருவரின் மகளை மணந்து, அவளது குடிப்பெயராகிய ஊடன் என்பதைத் தம் பெயருடன் இணைத்துக்கொண்டார். அந்நாளிலே கொம்போனியம் என்னும் அரிய இசைப்பொறி உறுப்புக்குலைந்த நிலையில் அவரிடம் வந்துசேர்ந்தது. அது 1821இல் விங்கெல் என்பவர் ஒல்லாந்திலே அமைத்தது. அதன் இரு உருளைகளும் மாறிமாறி ஒலிக்க, எந்த வேறுபாட்டை இசைப்பதென்பதைச் சுழலும் ஒரு சில்லே தீர்மானிக்கும். ஆதலால் பொறி தானே இசை புனைவதுபோலத் தோன்றும்.

அதன் உறுப்புகள் சிதறிக் குவிந்துகிடந்தன; வழிகாட்ட வரைபடமும் இல்லை. ஒவ்வோர் உறுப்பையும் துலக்கி, அஃது எதன் அருகே நின்றது, எதனை அசைத்தது என்று உய்த்துணர்ந்து கோக்கவேண்டியிருந்தது. புதிய பொறி செய்வோன் தன் கருத்தை ஆராய்ந்தாற் போதும். திருத்துவோனோ முன்னவன் கருத்தினுட் புகுந்து தேடவேண்டும். ஓராண்டு உழைத்து அப்பொறியை மீண்டும் பாடச் செய்தார். அவ்வெற்றிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. மூளை களைத்துக் கடுநோயுற்றுச் சில ஆண்டுகள் தம் தொழிலைச் செய்யவியலாதிருந்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே வொக்கான்சன் செய்த பொறி வாத்து, தானியம் தின்று செரித்துக் கழிப்பதாக ஐரோப்பா முழுவதும் வியக்கப்பட்டது. 1844இல் அதன் முறிந்த சிறகைத் திருத்தும் வேலை தமக்குக் கிடைத்ததென்றும், உள்ளே ஆராய்ந்தபோது செரிமானம் வெறும் பாசாங்கே என்றும், முன்னரே நிரப்பிவைத்த சாயந்தோய்ந்த உரொட்டித் துகளே கழிவாக வெளிவந்ததென்றும் அவர் எழுதியுள்ளார். மேடையின் முன்னிருந்து நோக்கியோர் காணாததைத் திருத்துவோன் கண் கண்டது.

அதே ஆண்டில், எழுதவும் வரையவும் வல்ல தமது பொறிமனிதனைப் பாரிசுக் கண்காட்சியில் வைத்தார். மன்னன் லூயி பிலிப்பும் அதனைக் கண்டு மகிழ்ந்தான். 1845 யூலை 3ஆம் நாள் பலே றுவயால் என்னுமிடத்திலே தமது அரங்கைத் திறந்தார். மந்திரவாதியின் நீண்ட அங்கியைத் தவிர்த்து, கனவான்கள் அணியும் மாலையுடையிலே தோன்றினார். பூத்துக் காய்த்த பொறித் தோடைமரம் அங்கே மக்களை மயக்கியது.

1856இல் பிரெஞ்சு அரசு அவரை அல்சீரியாவுக்கு அனுப்பியது. சிறு பிள்ளையும் தூக்கும் பெட்டியை, மின்காந்தத்தின் வலியால் வலியோனும் அசைக்கவியலாதவாறு செய்து காட்டினார். மறைஞானிகள்பால் மக்கள் கொண்ட மதிப்பைக் குலைப்பதே அரசின் நோக்கம். பொறி வாத்தின் பாசாங்கை வெளிப்படுத்திய கைகள், அடிமைப்பட்ட மக்களை அச்சுறுத்த மற்றொரு பாசாங்கை நிகழ்த்தின. அவர் வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்தல் முறையன்று.

1870ஆம் ஆண்டுப் போரிலே மைந்தன் ஒருவனைப் பறிகொடுத்த துயருடன், 1871 யூன் 13ஆம் நாள் காலமானார். அவரது அரங்கைப் பின்னர் 1888இல் வாங்கியவர் திரைப்பட முன்னோடியாகிய மெலியே. அமெரிக்க வித்தைக்காரர் ஊடினியும் தம் மேடைப்பெயரை அவர் பெயரிலிருந்தே அமைத்துக்கொண்டார்.

கொம்போனியம் இன்று பிறசல்சு நகர இசைக்கருவி நூதனசாலையில் உள்ளது. அதனைக் காண்போர் விங்கெலின் மதிநுட்பத்தை வியப்பர். சிதறிய உறுப்புகளின் முன் ஓராண்டு பொறுமையோடு அமர்ந்திருந்தவரையும் அவர்கள் நினைத்தல் தகும்.