பெயரின்றிப் புதைக்கப்பட்டவர்

வளர விரும்பாத சிறுவன் பீற்றர் பானின் கதையை வோல்ட் டிஸ்னி நிறுவனம் 1953ஆம் ஆண்டு சித்திரத் திரைப்படமாக வெளியிட்டது. இன்றும் சிறுவர்கள் விரும்பிப் பார்க்கும் அப்படத்தில் பீற்றர் பானுக்குக் குரல் கொடுத்தவர் பொபி டிரிஸ்கோல். அந்தக் குரலுக்குரியவரின் வாழ்வு எவ்வாறு முடிந்தது என்பதைப் பலர் அறியார்.

1937ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பிறந்த பொபி, பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தையின் சுகவீனம் காரணமாகக் குடும்பம் கலிபோர்னியாவில் குடியேறியது. 1943ஆம் ஆண்டு சிறியதொரு வேடத்தில் திரையில் தோன்றிய அவரை, விரைவிலேயே டிஸ்னி நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 1950ஆம் ஆண்டு, 13ஆவது வயதில், சிறுவர்களுக்கான விசேட ஒஸ்கார் விருது அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் வெளிவந்த ‘புதையல் தீவு’ படத்தின் கதாநாயகச் சிறுவனும் அவரே.

ஆனால் பிள்ளைப் பருவம் எவருக்கும் நிலைப்பதில்லை. முகத்தில் பருக்கள் தோன்றின, குரல் மாறியது. 1953இல் நிறுவனம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. சாதாரண பாடசாலைக்குச் சென்றபோது சக மாணவர்கள் அவரை ஏற்காது ஏளனம் செய்தனர். நேற்றுவரை உலகம் கொண்டாடிய பிள்ளை, தோழமை தேடித் தவித்தது. அந்த வெற்றிடத்தில் போதைப்பொருள் நுழைந்தது.

திருமணமும் மூன்று குழந்தைகளும் அவரை மீட்கவில்லை; இல்லறம் முறிந்தது. 1961ஆம் ஆண்டு போதைக்கு அடிமையானோரைச் சீர்திருத்தும் பொருட்டு சீனோ சிறைக்கு அனுப்பப்பட்டார். வெளிவந்தபின் நடிக்க வாய்ப்புத் தேடினார், கதவுகள் திறக்கவில்லை. 1965இல் நியூயோர்க் சென்று சில காலம் கலைஞர்களுடன் சேர்ந்து ஒட்டுச் சித்திரங்கள் செய்தார். பின்னர் அவரைப் பற்றிய தகவலே இல்லாமற் போயிற்று.

1968ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் திகதி, நியூயோர்க்கில் கைவிடப்பட்ட கட்டடமொன்றில் இரு சிறுவர்கள் ஒரு சடலத்தைக் கண்டனர். அடையாளம் காண எவரும் வரவில்லை. அநாதைப் பிரேதங்களை அடக்கம் செய்யும் ஹார்ட் தீவில் அவ்வுடல் பெயரின்றிப் புதைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, மரணத் தறுவாயில் இருந்த தந்தையிடம் மகனை அழைத்து வரவேண்டித் தாய் தேடினார். பொலிஸாரிடமிருந்த கைரேகைப் பதிவே உண்மையை வெளிப்படுத்தியது. 31 வயதில் மறைந்த அந்த மனிதர் பொபி டிரிஸ்கோல். கலிபோர்னியாவில் தந்தையின் கல்லறையில் மகனின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. உடலோ இன்னும் அத்தீவிலேயே உள்ளது.

அன்பான பெற்றோரே, மேடையில் பாடும் பிள்ளையை, பரீட்சையில் முதலிடம் பெறும் பிள்ளையை நாம் அணைத்து மகிழ்கிறோம், அது நன்றே. அதே பிள்ளை தோற்று, முகம் வாடி வரும் மாலையிலும் அந்த அணைப்பு காத்திருக்கிறதா? ஊதாரி மைந்தனின் தந்தை, மகன் வெறுங்கையுடன் வருவதைத் தொலைவில் கண்டே ஓடிச்சென்று கட்டிக்கொண்டார். வீடு திரும்பும் வழியை ஒரு பிள்ளை மறவாதிருக்க, அவ்வீட்டின் கதவு திறந்திருப்பதை அது முன்பே அறிந்திருக்க வேண்டும். உலகம் பெயரின்றிப் புதைத்தவரையும் பெயர் சொல்லி அழைக்கும் இறைவன், நம் இல்லங்களுக்கு அத்தகைய இதயத்தைத் தருவாராக.