மூன்று தீபாவளி கண்ட படம்

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு, சென்னை பிராட்வே தியேட்டரில் "ஹரிதாஸ்" படம் வெளியாயிற்று. 1945-ம் ஆண்டு தீபாவளி வந்தது. அங்கே அதே படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1946-ம் ஆண்டு தீபாவளியும் வந்தது. அப்போதும் அதே படம்!

அதன் கதாநாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர். பின்னால் வந்த இரண்டு தீபாவளியின்போதும் அவர் சிறைச்சாலையில் இருந்தார்.

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை அடைந்த ஒருவரைத் திரையில் பார்க்க, ஜனங்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார்கள். இப்படிப்பட்ட ரசிகர்களை அவர் எப்படிப் பெற்றார்?

பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை

பாகவதர் பிறந்தது மாயவரத்தில். 1910-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி. தகப்பனார் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி, நகைத் தொழில் செய்தவர். குடும்பம் திருச்சிக்குக் குடிவந்தது. பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. எந்நேரமும் பாட்டுதான். தகப்பனார் கண்டித்ததால் ஊரைவிட்டே ஓடிப்போனான் என்றும், கடப்பாவில் பாடிக்கொண்டிருந்தவனைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள் என்றும் சொல்வார்கள். அதன்பிறகு பாட்டுக்கு யாரும் தடை சொல்லவில்லை.

திருச்சியில் ரசிக ரஞ்சன சபா நடத்திவந்த எப்.ஜி.நடேச அய்யர், "அரிச்சந்திரா" நாடகத்தில் பையனை லோகிதாசனாக நடிக்கவைத்தார். பிறகு மதுரை பொன்னு அய்யங்காரிடம் முறையாகச் சங்கீதம் கற்றார். நாடகக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி கிடையாத காலம் அது. கடைசி வரிசையில், மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். கேட்டது. குரல் அப்படி!

"பவளக்கொடி" நாடகம் 1934-ல் சினிமாவாயிற்று. கே.சுப்பிரமணியம் டைரக்ட் செய்தார். படத்தில் 50 பாட்டுக்கு மேல். இன்று கேட்டால் சிரிப்பு வரும். அன்று, இன்னும் இரண்டு இருக்கக்கூடாதா என்று நினைத்தவர்கள் உண்டு.

பாகவதர் கிராப்பு

1937-ல் வந்த "சிந்தாமணி" ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதில் வந்த பணத்தில் மதுரை ராயல் டாக்கீஸார் புதிதாக ஒரு தியேட்டரே கட்டினார்கள். அதற்கு "சிந்தாமணி" என்றே பெயரும் வைத்தார்கள். "அம்பிகாபதி", "திருநீலகண்டர்", "அசோக்குமார்", "சிவகவி" என்று வெற்றிமேல் வெற்றி வந்தது.

பிடரியில் புரளும் தலைமயிர், பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன். இதுதான் பாகவதர். கடுக்கனுக்கு வழியில்லாத இளைஞர்கள் தலைமயிரையாவது வளர்த்தார்கள். அதற்குப் "பாகவதர் கிராப்பு" என்று பெயர். அந்தக் கிராப்பு வைக்கச் செலவு இல்லை. முடிவெட்டாமல் இருந்தால் போதும்.

தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். படிக்கத் தெரிந்தவர் அதைப் பார்த்துப் பாடுவார். தெரியாதவர் பக்கத்தில் நின்று கேட்டு, மனப்பாடம் செய்துகொள்வார். கலியாண வீட்டில் கிராமபோன் வைத்தால் பாகவதர் இசைத்தட்டு இல்லாமல் முடியாது. கச்சேரி என்றால் அரங்கத்துக்குள் இருப்பவர்களைவிட வெளியே நிற்பவர்கள் அதிகம். ராகம், தாளம் தெரிந்த வித்வான்களும் அவரைக் கேட்டார்கள். ஒன்றும் தெரியாத வண்டிக்காரரும் கேட்டார். ஏர் ஓட்டும்போது அவர் பாட்டைப் பாடிய குடியானவர், தம் குரலைப் பற்றிக் கவலைப்படவில்லை.

திடுக்கிடும் சம்பவம்

"ஹரிதாஸ்" வெளியாகி மூன்று வாரம்தான் கடந்திருந்தது. நவம்பர் 8-ந் தேதி சென்னை வேப்பேரியில், ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தனைச் சிலர் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் இறந்தார். சினிமாக்காரர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அவதூறாக எழுதிவந்தவர் அவர். அதற்குச் சதி செய்ததாகப் பாகவதரும், என்.எஸ்.கிருஷ்ணனும், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார்கள். 1945-ல் நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை! ஐகோர்ட்டு அப்பீலும் அதே ஆண்டில் தோற்றது.

இங்கேதான் ரசிகர்களைக் கவனிக்க வேண்டும். "ஹரிதாஸ்" கதை என்ன? சுகபோகத்தில் மிதந்து, பெற்றவர்களை விரட்டிவிட்ட ஒருவன் எல்லாவற்றையும் இழக்கிறான், கால்களையும் இழக்கிறான், மனம் திருந்தி, தாய் தந்தையருக்குப் பணிவிடை செய்கிறான். படத்தில் கிருஷ்ணனும் இருந்தார். திரையில் ஒருவர் அழவைத்தார், ஒருவர் சிரிக்கவைத்தார். இருவரும் உண்மையில் சிறைக் கம்பிக்குப் பின்னால். ஹரிதாஸ் அழும்போது ஜனங்கள் எந்தத் துன்பத்துக்காக அழுதார்கள் என்று பிரித்துச் சொல்லமுடியாது. வழக்கின் நுணுக்கம் அவர்களில் பலருக்குத் தெரியாது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் கொலைக்கு உடன்படமாட்டார் என்று நம்பினார்கள். நம்பிக்கைக்குச் சாட்சி கேட்கவில்லை. இது நியாயமா என்றால், கோர்ட்டுக்கு நியாயமில்லை. ரசிகனுக்கு வேறு வழியும் இல்லை.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பியது. ஐகோர்ட்டு மீண்டும் விசாரித்து, 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தது.

வெளியே வந்தபிறகு

இனி பழையபடி படங்கள் ஓடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1948-ல் "ராஜமுக்தி" வந்தது, ஓடவில்லை. 1952-ல் வந்த "அமரகவி"யும் பழைய வெற்றியைக் கொண்டுவரவில்லை. தாமே டைரக்ட் செய்த "புது வாழ்வு" 1957-ல் வந்தது. அதுவும் தோல்வி.

சிறையிலிருந்து கூடவே வந்த கிருஷ்ணன், "நல்லதம்பி", "மணமகள்" என்று மறுபடி எழுந்துவிட்டார். பாகவதரால் முடியவில்லை. ரசிகர்கள் கைவிட்டார்கள் என்று சிலர் பழி சொன்னார்கள். அது பாதிதான் சரி. 1949-ல் "வேலைக்காரி", 1952-ல் "பராசக்தி". ஜனங்கள் வசனம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கிராப்பு வளர்த்த வாலிபர்களுக்குக் குடும்பமாகிவிட்டது. குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் நினைவுக்கு வந்தது. அவர்களுடைய தம்பிகள் வேறு நடிகரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். பாகவதரின் பாட்டை மட்டும் யாரும் விடவில்லை. கச்சேரிக்குக் கூட்டம் வந்தது. படத்துக்குத்தான் வரவில்லை.

சர்க்கரை வியாதி உடம்பை உருக்கியது. கண் பார்வை மங்கியது. 1959-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பாகவதர் காலமானார். வயது 49. அவருடைய சமாதி திருச்சியில் இருக்கிறது.

அவர் கடைசியாக நடித்த "சிவகாமி" படம், மறு வருடம் 1960-ல் திரைக்கு வந்தது.